நந்தனார், கிந்தனார்: ஒரு பகடிப் பாட்டின் வரலாறு

பிரபலமான ஒரு பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் ஹாஸ்டல் சாம்பார், அரியர் பேப்பர், வார்டன் என்று எதையாவது போட்டுப் பாடுவது நம் கல்லூரிக் கலைவிழாக்களில் கட்டாயம் இருக்கும் ஒரு அயிட்டம். மெட்டு சினிமாப் பாட்டாக இருந்தால் விசில் பறக்கும். கர்நாடக சங்கீதக் கீர்த்தனையாக இருந்தால் விசில் இரண்டு மடங்காகும். காரணம் சுலபம். உயரத்தில் இருக்கும் பொருள் கீழே விழுந்தால் சத்தம் அதிகம் :-)

ஆனால் அடுத்த நாள் அந்தப் பாட்டு யாருக்கும் நினைவிருக்காது. தமிழில் ஒரே ஒரு சங்கீதப் பகடி மட்டும் 75 வருடங்களுக்கு மேலாகியும் இன்னும் பேசப்படுகிறது. அதுதான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் "கிந்தனார்" கதாகாலட்சேபம். 1949ல் வந்த "நல்லதம்பி" படத்தில் இருக்கிறது. அது ஏன் நின்றது, மற்றவை ஏன் நிற்கவில்லை என்று யோசித்தபோது கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

பகடியைப் புரிந்துகொள்ள அசலைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே கொஞ்சம் பின்னால் போவோம்.

அசல்: நந்தனார்

நந்தனார் அறுபத்து மூவரில் ஒருவர். திருநாளைப்போவார் என்பது அவருடைய இன்னொரு பெயர். "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சிதம்பரத்தை நினைத்துச் சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இவர் கதையைச் சொல்கிறார். ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்தவர். கோயிலுக்குள் போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்க, நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். கடைசியில் தில்லை. அங்கே தீயில் இறங்கி, பூணூலோடு முனிவர் வடிவத்தில் எழுந்து, உள்ளே போய், மறைந்துவிடுகிறார்.

சேக்கிழார் சொன்னது அவ்வளவுதான். இன்று "நந்தனார் கதை" என்றதும் நமக்கு ஞாபகம் வரும் கொடுமைக்காரப் பண்ணையார் அதில் இல்லவே இல்லை! அவரைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்தவர். அவர் எழுதிய "நந்தனார் சரித்திரக் கீர்த்தனை"யில்தான் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள் ஆகிறான். சிதம்பரம் போக விடுமுறை கேட்கிறான். வேதியர் திட்டுகிறார், மறுக்கிறார், முடியவே முடியாத வயல்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். சிவகணங்கள் வந்து ஒரே இரவில் அதை முடித்துவிடுகின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

ஒரு பக்திக் கதைக்குள் லீவு கேட்கும் தொழிலாளியும் லீவு தராத முதலாளியும் வந்துவிட்டார்கள். காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

அந்தக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதற்கு ஆதரவாக இருந்தார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதன் பேச்சுவழக்கும் இலக்கணமும் பிடிக்கவில்லை. பாரதியார் பல தடவை அலைந்து, பாட்டால் அவர் மனதைக் கரைத்துத்தான் சிறப்புப் பாயிரம் வாங்கினார். இதையெல்லாம் உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். ஜனங்கள் பாயிரத்துக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டுகள் வாய்வழியாகவே ஊர் ஊராகப் போய்விட்டன. மாஞ்சியில் "வருகலாமோ", நாட்டக்குறிஞ்சியில் "வழிமறைத்திருக்குதே", பூர்விகல்யாணியில் "சற்றே விலகி இரும்" எல்லாம் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. கச்சேரிக்கே போகாதவர்களுக்கும் இவற்றில் ஒன்றாவது காதில் விழுந்திருக்கும்.

மேடை: கதாகாலட்சேபம்

இந்தக் கதை பரவியதில் கதாகாலட்சேபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சியோடு வந்த கீர்த்தன முறையைத் தமிழுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஏற்றபடி சீரமைத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் (1847-1903). சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று மராட்டிச் சந்தங்கள், நடுவில் கீர்த்தனைகள், சமஸ்கிருத சுலோகங்கள், பேச்சு. பாகவதர் கையில் சிப்ளாக்கட்டையோடு நிற்பார். பின்னால் மிருதங்கம், ஆர்மோனியம், பின்பாட்டுக்காரர். நந்தனார் கதை அவருடைய புகழ்பெற்ற காலட்சேபங்களில் ஒன்று.

காலட்சேபத்தில் ஒரு வசதி உண்டு. பாகவதர் ஒரே ஆள்தான். நந்தனும் அவரே, வேதியரும் அவரே, சிவபெருமானும் அவரே. நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு ஊர்வம்பு பேசுவார், சிரிக்க வைப்பார், மறுபடி பாட்டுக்குப் போவார். அதாவது நகைச்சுவைக்கு இந்த வடிவத்துக்குள்ளேயே முன்பதிவு செய்த ஒரு நாற்காலி இருக்கிறது. என்.எஸ்.கே. பின்னாளில் வந்து உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான்.

சினிமாவும் கோயில் கதவும்

1935ல் "பக்த நந்தனார்" படம். நந்தனாராக நடித்தது கே.பி.சுந்தராம்பாள். அதற்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் 1 லட்ச ரூபாய்! வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942ல் ஜெமினியின் "நந்தனார்" வந்தது. அதில் எம்.எம்.தண்டபாணி தேசிகர்.

இந்த இரண்டு படங்களும் வந்த வருடங்களைக் கவனியுங்கள். அப்போது தெருவிலும் நந்தன் கதைதான் நடந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனார். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ல்தான் வந்தது. காந்தியும் நந்தனாரைச் சத்தியாகிரகிக்கு உதாரணமாக அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கீத உலகத்திலும் தீட்டு என்ற சொல் அடிபட்டது. 1946ல் திருவையாறு தியாகராஜர் உற்சவத்தில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். அதனால் சந்நிதானம் தீட்டுப்பட்டுவிட்டது என்று பேச்சு எழுந்ததாகச் சொல்லி, இளைஞராக இருந்த மு.கருணாநிதி "தீட்டாயிடுத்து" என்ற தலைப்பில் "குடியரசு" இதழில் எழுதினார். யோசித்துப் பாருங்கள்... சினிமாவில் நந்தனாராக நடித்தவர் பாடிய பாட்டைச் சுற்றியே தீட்டுச் சண்டை!

எனவே 1940களின் கடைசியில் "நந்தனார்" என்ற பெயருக்கு ஏகப்பட்ட கனம் சேர்ந்துவிட்டது. பக்தி, சங்கீதம், சாதி, அரசியல், சினிமா எல்லாம் அதில் இருந்தது. எங்கள் பாடத்தில் குட்வில் என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் விலை உண்டு. ஒரு பகடிக்கு வேண்டிய முதலீடு அந்த மாதிரிச் சொத்துதான். கேட்பவர் மனதில் அசல் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதை வைத்துச் சிரிப்பது?

கிந்தன் வருகிறான்

என்.எஸ்.கே. (1908-1957) நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பக்கத்திலேயே சுசீந்திரம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926லும் 1930லும் சத்தியாகிரகம் நடந்தது. நந்தன் கதை அவருக்குப் புராணமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

நாடகக் கம்பெனியில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர், 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1947ல் இருவரும் விடுதலை ஆனார்கள். இரண்டு வருடம் கழித்து "நல்லதம்பி". கதை வசனம் அறிஞர் அண்ணா. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. பாட்டுகள் உடுமலை நாராயண கவி. பிராங்க் காப்ராவின் 1936ஆம் வருட ஆங்கிலப் படம் ஒன்றைத் தழுவிய கதை. அதன் நடுவில்தான் என்.எஸ்.கே. பாகவதராக நின்று "கிந்தனார் சரித்திரம்" சொல்கிறார்.

கதை இதுதான். கிந்தன் ஒரு சேரிப் பையன். அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்று. சிதம்பரம் போக வேண்டும் என்பதில்லை, படிக்க வேண்டும். கிராமத்து வாத்தியார் அவனை விரட்டுகிறார். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகிறான். படிக்கிறான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். விரட்டிய அதே வாத்தியார் அவனை வரவேற்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கதைகளையும் பேரேட்டில் போடுவதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தில்லைக்குப் பதில் பட்டணம். கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடம். வேதியருக்குப் பதில் வாத்தியார். அங்கே வேதியர் நந்தன் காலில் விழுகிறார். இங்கே வாத்தியார் இன்ஸ்பெக்டர் முன் நிற்கிறார். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று. கணக்கு சரியாக டேலி ஆகிறது.

டேலி ஆகாத ஒரே இடம் தீ. நந்தன் தீக்குள் இறங்க வேண்டியிருந்தது. கிந்தன் ஏறியது ரயில்.

ரயிலும் தீயும்

ரயிலும் நெருப்பில்தான் ஓடியது, அந்தக் காலத்தில் கரி எஞ்சின். ஆனால் அந்த நெருப்பு பயணியைச் சுடாது. டிக்கெட் வாங்கினால் போதும். கிந்தனார் காலட்சேபத்தில் ரயிலைப் பற்றிய பாட்டு ரொம்பப் பிரபலம். சக்கரம் சுழலும் சத்தத்தையே சந்தமாக்கி, மேல்சாதிக்காரரையும் தாழ்த்தப்பட்டவரையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பேதத்தை ஒழிக்கும் வாகனம் என்று ரயிலைப் புகழ்கிற பாட்டு. சுவாமி மேல் பாட வேண்டிய துதியை ரயில் மேல் பாடினால் முதலில் சிரிப்பு வரும். அப்புறம், அந்தத் துதி ரயிலுக்குத் தகும்தானே என்று தோன்றும். கிந்தனார் முழுக்க இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. முதலில் சிரிப்பு, அதன் பின்னால் "அட, ஆமாம்".

இதற்கு 15 வருடம் முன்பே, 1934ல் புதுமைப்பித்தன் "புதிய நந்தன்" என்று ஒரு சிறுகதை எழுதினார். அதிலும் ஆதனூர் உண்டு, சேரி உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் அங்கே ரயில் வந்து மோதுகிறது. தண்டவாளத்தில் நிற்கும் கிழவனைக் காப்பாற்ற ஓடிய அவன் மகனும் பண்ணையார் மகனும் அவனோடு சேர்ந்தே சாகிறார்கள். மூவரின் ரத்தம் மட்டும் சாதி பார்க்காமல் கலக்கிறது. அதே நந்தன், அதே ரயில். ஒருவர் கசப்போடு முடித்தார். இன்னொருவர் அதே ரயிலில் பையனை ஏற்றிப் படிக்க அனுப்பினார். 1978ல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் "நந்தன் கதை" நாடகம் மறுபடி தீயின் பக்கமே போய், நந்தனைச் சூழ்ச்சி செய்துதான் தீயில் இறக்கினார்கள் என்றது.

"கி" செய்யும் வேலை

"கிந்தன்" என்ற பெயரைப் பற்றி எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தமிழில் நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்யும் காரியம் ஒன்று உண்டு. காபி கீபி, பணம் கிணம், புலி கிலி. முதல் எழுத்தை எடுத்துவிட்டு, குறிலாக இருந்தால் "கி", நெடிலாக இருந்தால் "கீ" போட வேண்டும். அர்த்தம்? "அது போன்ற ஏதோ ஒன்று", "இத்யாதி", சில சமயம் "அதெல்லாம் ஒரு பொருட்டா". "உனக்கெல்லாம் படிப்பு கிடிப்பு எதுக்குடா?" என்று கேட்டால், அந்தக் "கிடிப்பு"க்குள் இருக்கும் அவமதிப்பு "படிப்பு"க்குள் இல்லை.

இப்போது அந்த விதியை நந்தன் மேல் போடுங்கள். நந்தன் கிந்தன்! அப்படியே வந்து உட்காருகிறது. நந்தனுக்காவது சேக்கிழார் இருந்தார், பாரதியார் இருந்தார், அறுபத்து மூவர் வரிசையில் சிலை இருந்தது. அவன் பின்னால் சேரியில் நின்ற மற்றவர்கள்? அவர்கள்தான் கிந்தன்கள். "நந்தன் கிந்தன்" என்று பேச்சுவாக்கில் தள்ளிவிடப்படும் இத்யாதிகள். அந்த இத்யாதியை எடுத்து, பின்னால் மரியாதையாக ஒரு "ஆர்" சேர்த்து, பாகவதரின் வாயில் சரித்திர நாயகனாக்கிவிட்டார் என்.எஸ்.கே. பெயரைக் கேட்டதும் கூட்டம் சிரித்துவிடும். கதை முடியும்போது அந்தப் பெயருக்கு மரியாதை வந்திருக்கும்.

யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

நம் கலைவிழாப் பாரடிகள் ஏன் மறுநாள் தங்குவதில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதில்தான் இருக்கிறது. நாம் பெரும்பாலும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். சில சமயம் பாட்டைப் பாடுபவரைப் பார்த்து. என்.எஸ்.கே. நந்தனாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சங்கீதத்தைப் பார்த்தும் சிரிக்கவில்லை. நன்றாகப் பாடத் தெரிந்தவர், தாளம் தெரிந்தவர், காலட்சேபத்தின் இலக்கணம் தெரிந்தவர். அரைகுறையாகத் தெரிந்தவர் செய்திருந்தால் அது காலட்சேபத்தைக் கிண்டல் செய்வதாக மட்டும் நின்றிருக்கும். அவர் சிரித்தது நந்தனுக்குப் போட்ட நிபந்தனையைப் பார்த்து. ஒருவன் தெருவில் இருந்து உள்ளே வருவதற்குத் தீயில் குளிக்க வேண்டுமா? அது என்ன நுழைவுக் கட்டணம்?

கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடம் என்ற யோசனையும் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை. சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916ல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். நந்தன் எந்த ஊர்க் கோயிலுக்கு வெளியே நின்றானோ, அந்த ஊரிலேயே அவன் பெயரில் ஒரு பள்ளிக்கூடம். கிந்தனார் வேடிக்கையாகச் சொன்னதை அதற்கு 33 வருடம் முன்பே ஒருவர் செங்கல் சுண்ணாம்பு வைத்துச் சொல்லியிருக்கிறார்.

படம் வந்தபோது நம் அரசியல் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17வது பிரிவு அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26ல். அதாவது கிந்தன், சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான். சினிமாவில்.

இதையெல்லாம் பாராட்டிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. கிந்தனார் முடிவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வாத்தியார் மரியாதை கொடுத்தது கிந்தனுக்கா, இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கா? நந்தன் தீயில் இறங்கி முனிவராக மாறிய பிறகுதான் உள்ளே போக முடிந்தது. கிந்தன் பட்டணம் போய் அதிகாரியாக மாறிய பிறகுதான் ஊருக்குள் மரியாதையாக வர முடிந்தது. இரண்டு பேரும் மாற வேண்டியிருந்தது. மாறாத சேரிப் பையனாகவே அவன் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால்? ஒரு கிந்தன் இன்ஸ்பெக்டர் ஆனான், சரி. சேரியில் மிச்சம் இருந்த கிந்தன்கள்? கூடப் படிக்கிறவன் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தெரிந்தால் "கோட்டாவா?" என்று கேட்கும் வழக்கம் இன்றும் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. டிகிரி வாங்கிய பிறகும் தீயில் இறங்கிக் காட்டு என்கிறார்கள். அந்த வாத்தியார் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கே கிந்தனார்தான் காரணம். நந்தன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் நிறையப் பேர். கண் துடைத்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். கிந்தன் கதையில் சிரித்தவன், எதற்குச் சிரித்தோம் என்று வழியில் ஒரு தடவையாவது யோசித்திருப்பான். சேக்கிழார் சொன்ன கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் மாற்றினார், அதை யாரும் பகடி என்று சொல்லவில்லை. என்.எஸ்.கே.யும் உடுமலை நாராயண கவியும் அதே வரிசையில் மூன்றாவது முறையாக மாற்றியவர்கள். கொஞ்சம் சிரிக்க வைத்தார்கள் என்பதால் அந்த வரிசையிலிருந்து அவர்களை எழுப்பிவிட வேண்டியதில்லை.

நேரம் கிடைத்தால் தண்டபாணி தேசிகரின் நந்தனாரைக் கேட்டுவிட்டு, உடனே "நல்லதம்பி" காலட்சேபத்தைப் பாருங்கள். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், மாற்றிப் பார்த்தால் ருசி பாதிதான்.

பி.கு.: அடுத்த கலைவிழாவுக்குப் பாரடி எழுதப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்டனை விட்டுவிடுங்கள், பாவம். ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் இருக்கும் விதிமுறைகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது :-)